காவிரியின் பெயரும் நாலு விரல் கரையும்

காவிரிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை, சுற்றுலா வேனில் வருகிறவர்களின் டிபன் கேரியரை மோந்து பார்த்தே முடிவு செய்துவிடலாம் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். புளியோதரை மணந்தால் ஒரு காரணம். பிசிபேளேபாத் மணந்தால் வேறு காரணம். தேங்காயெண்ணெய் தாளித்த மோர்க்குழம்பு என்றால் இன்னொன்று. ஆறு ஒன்றுதான். ஆனால் அதற்குப் பெயர் வைத்தவர்கள், அன்றைக்கு வேனை வாடகைக்கு எடுத்து வந்தவர்களின் முன்னோர்கள்தான். இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கைடு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மைக்கைக் கீழே வைத்தது வயதாகிவிட்டதால் அல்ல, தொண்டையால். டாக்டர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் அவசியமானதை மட்டும் பேசுங்கள் என்றார். இருபது வருடத்துக்கும் மேலாக நான் பேசியதில் அவசியமானது எது என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சீக்கிரமே தூங்கிவிட்டேன்.

எந்தக் கோயில் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், எந்த ஓட்டலில் நாற்பது பேருக்கு ஒரே பந்தியில் இலை போடுவார்கள் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். நான் சொல்ல வந்தது வேறு. சொன்ன கதையில் மாட்டிக்கொண்டால் ஒரு கைடு என்ன செய்யக்கூடாது என்பது. அந்த ஒரு பாடத்தில் எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். செய்யக்கூடாத எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் செய்து பார்த்தவன் நான்.

டிபன் கேரியர் வித்தை என்னுடையது இல்லை. காந்திபுரத்தில் இரண்டு வேனும் ஒரு டெலிபோனும் வைத்து நடந்த டிராவல்ஸில் நான் சேர்ந்தபோது, எனக்கு முன்பே அங்கு ஒரு சீனியர் இருந்தார். வண்டி கிளம்பியதும் கடைசி சீட் வரை ஒருமுறை நடந்து போய்த் திரும்புவார். சௌகரியமாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவர் மூக்கால் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருப்பார். கோயமுத்தூரில் வெளியே எல்லோரும் பேசுவது ஒரே தமிழ்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் மலையாளம். கதவுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது சமையல்தான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

தமிழ் வீடு என்றால், கா என்றால் சோலை, போகிற வழியெல்லாம் சோலையை விரித்துக்கொண்டு போவதால் காவிரி என்பார். மலையாள வீடு என்றால், உங்கள் ஊரில் காவு என்று கோயில்காட்டைச் சொல்கிறீர்களே, அதே சொல்தான் இது என்பார். கன்னட வீடு என்றால், குடகு நாட்டில் கவேரன் என்று ஒருவர் இருந்தார், அவர் வளர்த்த பெண் ஆறாகி ஓடினாள், அப்பன் பேர்தான் அவளுக்கு என்பார். எதுவும் அவர் கட்டிவிட்டதல்ல. எல்லாம் ஊரில் சொல்கிற கதைதான். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதில்தான் அவர் கெட்டிக்காரர்.

“ஆத்துக்கு வாய் இல்லீங்க தம்பி, அதனாலதான் நம்மளுக்கு வேலை இருக்குது” என்பார்.

தெலுங்கு பேசுகிறவர்களுக்கு மட்டும் அவரிடம் தனியாகக் கதை இல்லை. அவர்கள் ஏறினால் தமிழ்க் கதையையே கொஞ்சம் மெதுவாகச் சொல்லிச் சமாளிப்பார். அவர் போன பிறகு அந்தப் பள்ளத்தை நான் நிரப்பினேன். அகத்தியர் கமண்டலத்தில் கொண்டு வந்த தண்ணீரைக் காக்கை கவிழ்த்து விரிந்ததால் காவிரி என்று ஒரு கதை உண்டல்லவா? அகத்தியர் வடக்கேயிருந்துதானே வந்தார்? வழியில் கோதாவரிக் கரையைத் தாண்டாமல் வந்திருக்க முடியுமா? அங்கேதான் கமண்டலம் வாங்கினார். தீர்ந்தது. தெலுங்கர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். அந்த வருடங்களில் டீக்கடையில் காவிரி என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் போதும், நாலு பேர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர்ச் சண்டை அந்த அளவுக்குச் சூடாக இருந்தது. நான் அந்தப் பெயரை வைத்துத்தான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

பீளமேட்டில் பவுண்டரி வைத்து மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற ஒருவர், பவானி ஆறு காவிரியோடு சேரும் பவானி கூடுதுறைக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் வேண்டும் என்று கேட்டார். ஒன்று அவர் குடும்பத்துக்கு. இன்னொன்று ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவரின் குடும்பத்துக்கு. பவுண்டரிக்காரர் வீட்டில் தெலுங்கு, பட்டுக்கடைக்காரர் வீட்டில் கன்னடம். ஏன் இரண்டு வேன், எல்லோரும் ஒன்றில் அடங்கிவிடுவார்களே என்று முதலாளி கேட்டதற்கு, “இருக்கட்டுமுங்க, ரண்டா அனுப்புங்க” என்று மட்டும் பதில் வந்ததாம்.

காரணத்தைப் புறப்படும்போது பவுண்டரிக்காரரின் மகள் சொன்னாள். சுகன்யா என்று பெயர். எல்லோரும் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கேன் எடுக்கிற சாக்கில் என் பக்கத்தில் வந்தாள். அவளும் பட்டுக்கடைக்காரரின் மகன் முரளியும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். இரண்டு அப்பாவும் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள் அல்லவா? அதையே வசதியாக எடுத்துக்கொண்டு, பேச்சு எதுவும் வேண்டாம், ஒரு நாள் சேர்ந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாம், ஒத்துப்போகிறதா பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

“ஏனுங்கண்ணா, எங்கப்பா பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. அவங்கப்பா ஆரம்பிக்கவே மாட்டாரு. கல்யாணத்தப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வேற பேசி வெச்சிருக்காங்க. அப்பறம் அந்த ஆத்த விட்டா அவங்க பேசறதுக்கு வேற என்ன இருக்குது? நீங்கதான் நல்லபடியா பேச்சுக் குடுத்து ஓட்டணும். இன்னைக்கு ஏதாச்சும் கோளாறாச்சுன்னா சேலத்துல ஒரு மாப்பிள்ளை ரெடியா இருக்காருங்க.”

நான் பல் தெரியச் சிரித்து, “அது என்ற பொறுப்பு அம்மணி” என்றேன். பொறுப்பு என்ற சொல்லை அவ்வளவு லேசாகச் சொன்னவன் அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

பெருந்துறை வரை பவுண்டரிக்காரர் வேனில் ஏறிக்கொண்டேன். அகத்தியரை வடக்கேயிருந்து கிளப்பி, கோதாவரிக் கரையில் நிறுத்தி, கையில் கமண்டலத்தைக் கொடுத்தேன். பவுண்டரிக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் முழுசாகத் திரும்பிக்கொண்டார்.

“அந்தக் கமண்டலம் தகட்டுல தட்டுனதுங்களா, வார்ப்புங்களா?” என்றார்.

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் தொழிலை நினைத்துக்கொண்டு, வார்ப்புங்க என்றேன். என்ன உலோகம் என்றார். வெண்கலம் என்றேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி பரவியது. பின்சீட்டுப் பக்கம் திரும்பி, வார்ப்பு வேலையெல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கதான் அப்பவே, என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டார். எனக்கு அந்த அளவு தெலுங்கு புரியும். உள்ளுக்குள் எனக்கு நானே ஒரு சால்வை போட்டுக்கொண்டேன்.

பெருந்துறையில் டீக்கு நிறுத்தினோம். இரண்டு குடும்பமும் கடையின் இரண்டு பக்கத்தில் நின்று குடித்தன. நான் பட்டுக்கடைக்காரர் வேனுக்கு மாறினேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். கவேரனையும் மகளையும் இறக்கினேன். திரும்பவில்லை. பெண் ஆறாகிக் கீழ்நாட்டுக்கு ஓடுகிறாள் என்றேன். அப்போதும் திரும்பவில்லை. பேச்சுக் கொடுத்து ஓட்டவேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறதே? அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை கட்டிவிட்டேன். மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. அப்பன் வீட்டை விட்டுப் புறப்படும்போது அவள் உடுத்தியிருந்த சேலை விரிந்ததுபோலத்தான் ஆறு விரிந்தது, அப்பன் பேரே ஆற்றுக்கும் நிலைத்தது என்றேன்.

அவர் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினார். “கரை எத்தன விரல் அகலமுங்க?” என்றார்.

நாலு விரலுங்க என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசாத மனிதரையே பேச வைத்துவிட்டேன் என்று பவானி வரை டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே வந்தேன்.

இந்த இடத்தில் உங்களில் புத்திசாலிகள் கண்டுபிடித்திருப்பீர்கள். இரண்டு வேனும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பகல் சாப்பாடு வரை ஆனது.

கூடுதுறையில் கோயில் பார்த்து, கால் நனைத்து, மண்டபத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். புளியோதரையும் பிசிபேளேபாத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்று இன்னொரு இலைக்குப் போகவில்லை. சாப்பிட்டதும் பட்டுக்கடைக்காரர் தனியாகப் படித்துறையில் இறங்கி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பவுண்டரிக்காரரும் இறங்கிப் போய், ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார். மேலே நின்ற சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் கையால் சைகை காட்டினேன், எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று.

அவர்கள் பேசுவது மேலே கேட்காது. கை மட்டும் தெரிந்தது. முதலில் பவுண்டரிக்காரரின் கை. காற்றில் வயிறு பெருத்த பாத்திரம் ஒன்றை வரைந்து, அதன் கழுத்தைப் பிடித்துக் காட்டி, அச்சில் உலோகம் ஊற்றுவதுபோலச் சாய்த்தது. பட்டுக்கடைக்காரர் அதை அமைதியாகப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, நாலு விரலைக் காட்டினார்.

அந்த நாலு விரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

இரண்டு பேரும் சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் இளநீர்க் கடைக்காரருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைவிட ஒல்லி. ஒளிவதற்கு ஆள் தேடும்போதுகூட எனக்குக் கணக்குத் தவறும். அங்கிருந்து எட்டிப் பார்த்தால், பவுண்டரிக்காரர் எழுந்து நின்று சத்தமாக ஏதோ சொல்கிறார். நாள் முழுக்க அசைந்து கொடுக்காத பட்டுக்கடைக்காரரும் எழுந்துவிட்டார். அவரும் கையை வீசுகிறார். பெண்கள் மண்டபத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா பாத்திரங்களை அவசரமாகக் கூடையில் அடுக்குகிறார்.

எனக்குள் ஒரு முழுச் சினிமா ஓடியது. ஆறு யாருடையது என்று கன்னட வீடும் தெலுங்கு வீடும் தமிழ்நாட்டுப் படித்துறையில் அடித்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் தமிழ்க் கூட்டம் நாங்கள் எங்கே போனோம் என்று மூன்றாவதாக வந்து சேரும். அந்தப் பெண் சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு, வருடாவருடம் ஆடியில் என்னைச் சபிப்பாள். ஈரோட்டுக்கு டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று இளநீர்க்காரரிடம் விசாரித்தேன். வேன் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிக் கிளப்பிவிட முடியுமா என்று டிரைவரிடம் கேட்டேன். பிரேக் பிடிக்காத வண்டியை எப்படிங்க கிளப்பறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அதற்குள் சுகன்யா வந்துவிட்டாள். “அண்ணா, எங்கப்பாகிட்ட என்ன சொல்லிப்போட்டீங்க?”

அவள் சத்தம் போடவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. பொறுப்பு என்று நான் சொன்ன சொல் அப்போதுதான் வந்து என் தோளில் உட்கார்ந்தது. படியிறங்கினேன்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இந்த இடம்தான். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு கதையை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், மாட்டிக்கொண்டீர்கள். அப்போது மூளை உடனே மூன்றாவது கதையைக் கொடுக்கும். மிகவும் அழகாக இருக்கும். இரண்டையும் ஒட்டிவிடும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

நான் வாங்கினேன். ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே இறங்கி, அவர்கள் எதிரில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன். கோதாவரிக் கரையில் வார்த்த வெண்கலக் கமண்டலத்தோடு அகத்தியர் குடகுக்குப் போனார், கவேரன் மகளை அதில் தாங்கினார், சூடு தெரியாமலிருக்க அவளுடைய மாம்பழப் பட்டுச் சேலையை அதன்மேல் சுற்றியிருந்தார், காக்கை கவிழ்த்தபோது இரண்டும் சேர்ந்தே விரிந்தன, ஆகவே பெயர் எல்லோருக்கும் பொது.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப சேலை நனஞ்சிருக்குமேங்க?” என்றார் பவுண்டரிக்காரர்.

“நனஞ்சுதுங்க.”

“பட்டு நனஞ்சா சாயம் போயிருமுங்களே” என்றார் பட்டுக்கடைக்காரர், மிகவும் கவலையோடு.

“அதானுங்க புதுத்தண்ணி மஞ்சளா வருதா?” என்று பவுண்டரிக்காரர் ஆற்றைக் காட்டினார்.

இருக்கலாமுங்க என்றேன். என் வாய் எனக்குச் சொந்தமில்லாமல் போய் வெகுநேரமாகியிருந்தது.

பட்டுக்கடைக்காரர் ஒரு படி ஏறி என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தம்பி, நிசமாலுமே எப்படீங்க வந்துச்சு அந்தப் பேரு?” என்றார். அதில் கேலி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். பவுண்டரிக்காரரும் காதைக் கொடுத்தார். மேல்படியில் சுகன்யாவும், அவளுக்குப் பக்கத்தில் முதல்முறையாக முரளியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாலாவது கதை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதை நான் விழுங்கியதற்குக் காரணம் நேர்மை என்று சொல்லமாட்டேன். மூச்சு இல்லை.

“தெரியலீங்க” என்றேன்.

சொன்னதும் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததை வரிசையில்லாமல் சொன்னேன். தமிழில் பழைய பாட்டுகளிலேயே காவிரி இருக்கிறது. பொன்னி என்றும் சொல்கிறார்கள். வடமொழிப் புராணம் கவேரன் மகள் என்கிறது. குடகில் அவளைத் தாய் என்று கும்பிடுகிறார்கள். அந்தப் பெயருக்கும் மஞ்சளுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு வாத்தியார் என்னிடம் வாதாடியிருக்கிறார். தெலுங்கு, கன்னடம், தமிழ், மலையாளம் எதில் கூப்பிட்டாலும் பெயர் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. யார் முதலில் கூப்பிட்டார்கள், யாரைப் பார்த்து யார் கூப்பிட்டார்கள் என்று படித்தவர்களுக்குள்ளேயே முடிவாகவில்லை. சோலைக் கதையும் காக்கைக் கதையும் பெயர் வந்த பிறகு அதற்குப் பொருத்தமாகச் சொன்ன கதைகளாகவும் இருக்கலாம். கமண்டலத்தை வெண்கலத்தில் வார்த்ததும், சேலைக்கு நாலு விரல் கரை வைத்ததும் மட்டும் நான்.

பவுண்டரிக்காரர் இருமினார். சரி, நீங்க போய் ஒரு எளனி குடிங்க என்றார் பட்டுக்கடைக்காரர். அதை நான், கணக்கை முடித்து வெளியே அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது என்னை டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். மைக்கைத் தொடவேண்டாம் என்றும் சொன்னார்கள். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு அப்பாக்களும் ஒரே வேனில், ஒரே சீட்டில். முதலாளியிடம் என்னைப் பற்றிச் சேர்ந்து சொல்ல வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பெருந்துறை தாண்டியதும் போத்தனூரில் ரயில்வே ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்கு எழுதப் போகலாமா என்று யோசித்தேன். அவிநாசி வருவதற்குள் அந்த வேலையில் சேர்ந்து, சம்பளம் போதாமல் விட்டும் விட்டேன்.

பீளமேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். நான் வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். சுகன்யா ஜன்னல் பக்கம் வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. படித்துறையில் நடந்ததை, நான் இளநீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் அப்பாவே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அதை அவள் எனக்குச் சொன்னாள்.

கூடுதுறையில் உட்கார்ந்ததும் பேச ஒன்றுமில்லாமல், ஆற்றின் பேர் எப்படி வந்தது தெரியுங்களா என்று பவுண்டரிக்காரர் ஆரம்பித்திருக்கிறார். கமண்டலத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, பட்டுக்கடைக்காரர் நாலு விரலைக் காட்டி, எங்க வேன்ல சேலைங்க என்றிருக்கிறார். அப்போதே இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பவுண்டரிக்காரர் எழுந்து நின்றது மைக் பிடித்த என்னைப்போலப் பேசிக்காட்ட. பட்டுக்கடைக்காரர் எழுந்தது நான் வேனுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுவதை நடித்துக்காட்ட. அந்த மனிதர் அப்படிச் சிரித்து அவர் மனைவியே பார்த்ததில்லையாம். நான் மூன்றாவது கதையோடு இறங்கி வருவதைப் பார்த்து, சிரிக்கக்கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். பாத்திரத்தை அவசரமாக அடுக்கிய அம்மா, மழை வரும்போலிருக்கிறதே என்று அடுக்கியிருக்கிறார்.

கல்யாணத்தைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடியாயிற்றே. பட்டுக்கடைக்காரர் தன் வேனில் ஏறும்போது, பவுண்டரிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஆவணி பொறந்ததும் ஒரு நடை நம்மூட்டுக்கு வாங்க” என்றார்.

“வாரோமுங்க” என்றார் அவர்.

ஆவணியில் நிச்சயம் ஆனது. தை மாதம் கல்யாணம்.